மூன்று ஆர்.டி. உடைத்தவர்

“உடையவே உடையாத ஆர்.டி. எது, மேஸ்திரி?”

கேட்டவர் சற்குணம். பாலிடெக்னிக்கில் உலோகவியல் சொல்லிக்கொடுப்பவர். வயது நாற்பத்தைந்து. கையில் ஒரு துணிப்பை. பைக்குள் மூன்று பிணங்கள்.

ஆர்.டி. என்பது மலை சைக்கிளின் பின்சக்கரத்தோரம், வலது பக்கமாகத் தொங்குகிற சமாசாரம். கியர் மாற்றும்போது சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடுவது அதன் வேலை. தரைக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்குவதால், வழியில் இருக்கிற கல்லெல்லாம் முதலில் அதைத்தான் விசாரிக்கும்.

கேட்கப்பட்டவர் செசிலி. வயது முப்பத்தொன்று. மலைப்பாதையில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். கல்லும் கரடுமான வழிகளில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லோரும், வயது பார்க்காமல், அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள்.

“எதுக்குங்க சார் உடையக் கூடாது?” என்றார் செசிலி.

“என்ன கேள்வி இது? உடையணும்னு யாராச்சும் வாங்குவாங்களா?”

“இல்லீங்க. இவ்வளவு அவசரமா வந்திருக்கீங்களேன்னு கேட்டேன்.”

சற்குணம் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார்.

ஜோடிப் பந்தயம். இரண்டு பேர் சேர்ந்து ஓட்ட வேண்டும், சேர்ந்தே கோட்டைத் தாண்ட வேண்டும். அவருக்கு ஜோடி அவர் மனைவி வளர்மதி. முந்தின வருஷம் கரடிப்பாறை இறக்கத்தில் அவருடைய ஆர்.டி. உடைந்தது. போன வருஷமும் அதே இறக்கத்தில் உடைந்தது. இரண்டு தடவையும் வளர்மதி தன்னுடைய நல்ல சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏழு கிலோமீட்டர் அவர் கூடவே நடந்து வந்தார். இந்த வருஷம் பந்தயத்துக்கு முன்பே, அதே இறக்கத்தில், பயிற்சியிலேயே மூன்றாவதும் போய்விட்டது.

“ஞாயித்துக்கிழமை ஃபாரம் கொடுக்கக் கடைசி நாள். நான் கையெழுத்துப் போட்டுட்டேன். அவ போடல. இந்த வருஷம் உடையுமா உடையாதா, அதைச் சொல்லுங்க, அப்புறம் போடறேன்ங்கறா. இல்லேன்னா அவங்க ஆபீஸ் பொண்ணு ஒருத்தியோட ஓட்டப் போறாளாம்.”

“ஓட்டட்டுமே.”

சற்குணத்தின் முகம் விழுந்துவிட்டது.

“கல்யாணம் ஆகிப் பதினேழு வருஷம், மேஸ்திரி. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து செய்யறதுன்னு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான்.”

செசிலி கையைத் துடைத்துக்கொண்டார்.

“சங்கிலியைப் பிடிச்சுக்கிட்டுக் கீழே தொங்கற கேஜ் குட்டையா இருக்கட்டும். வெளியே துருத்தாம உள்பக்கமா ஒடுங்கி இருக்கணும். ஸ்பிரிங் கெட்டியா இருக்கணும். ரொம்ப உசத்தி வேண்டாம், நடுத்தரமே போதும். ஸ்பேர் கிடைக்குதான்னு பார்த்துக்குங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாங்க சார்.”

சற்குணம் நம்பவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒன்பது வளைவு மூச்சு வாங்க ஏறி வந்தவர் அவர். அரை நிமிஷத்தில் பதில் கிடைத்தால் யாருக்குத்தான் நம்பிக்கை வரும்? மேஸ்திரி எதையோ ஒளிக்கிறார் என்று தோன்றியது.

“இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே? உள்விஷயம் ஒண்ணு இருக்குமே, அதைச் சொல்லுங்க.”

செசிலி துணிப்பைக்குள் எட்டிப் பார்த்தார். உடைந்த மூன்றையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வெளியே போய் சற்குணத்தின் சைக்கிள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

பின்சக்கரத்தின் அச்சுக்குக் கீழே, சட்டத்தோடு ஆர்.டி.யை மாட்டிவைக்கிற இடத்தில், இரண்டு விரல் அகலத்தில் ஒரு சின்ன உலோகத் துண்டு இருக்கும். செசிலி அதன்மேல் ஒரு விரலை வைத்தார். வைத்தபடி சற்குணத்தை நிமிர்ந்து பார்த்தார்.

சற்குணம் அவசரமாகக் கைக்குட்டையை எடுத்து அந்தத் துண்டைப் பளபளவென்று துடைத்துவிட்டார்.

“வரும்போது சேறு” என்றார்.

செசிலி எழுந்தார்.

“உங்க ஆர்.டி.யை உடைச்ச கல்லைப் பார்த்திருக்கீங்களா சார்?”

“கல்லையா?”

“போய்ப் பார்த்துட்டு வாங்க.”

இப்போதுதான் சற்குணத்துக்குத் திருப்தி. சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்: கல்லைப் பார்.

•

மறுநாள் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுக் கரடிப்பாறைக்குப் போனார். நடந்துதான் போனார். அவர் சைக்கிளில்தான் ஆர்.டி. இல்லையே.

உடைந்த இடங்கள் மூன்றும் அவருக்கு நன்றாக நினைவிருந்தன. மூன்று கல்லையும் கண்டுபிடித்தார். வாத்தியார் ஆனதால் பையில் சாக்பீஸ் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டார். டேப் வைத்து உயரம் அளந்தார். ஒரு கல்லைச் சாவியால் சுரண்டி எவ்வளவு கெட்டி என்று சோதித்தார்.

கற்களில் நிறையக் கீறல்கள் இருந்தன. வெள்ளிக் கீறல், கறுப்புக் கீறல், பழசு, புதுசு. மூன்றாவது கல்லில் மட்டும் இருபதுக்கு மேல் எண்ணினார்.

இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கல்லின்மேலேயே உட்கார்ந்து யோசித்தார். வெயில் ஏறியது. ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தெரியவில்லை என்று நோட்டில் எழுத அவருக்கு வழக்கமில்லை. ஆகவே, கருங்கல், மிகவும் கடினம் என்று எழுதிக்கொண்டு இறங்கினார்.

•

“பார்த்தீங்களா?” என்றார் செசிலி.

“பார்த்தேன். கருங்கல். ரொம்பக் கெட்டி.”

“அப்புறம்?”

“மூணுமே வழிக்கு வலப்பக்கம் இருக்கு. ஆர்.டி.யும் வலப்பக்கம். அதனால இடதோரமா ஒதுங்கிப் போகணும்.”

“இடதோரம் என்ன இருக்கு?”

சற்குணம் கொஞ்சம் தயங்கினார். “பள்ளம்.”

“போறீங்களா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன பார்த்தீங்க?”

“நிறையக் கீறல் இருந்துச்சு. நான் மட்டும் இல்ல, அந்த வழியா வர்ற எல்லாருமே இடிச்சிருக்காங்க.”

“இடிச்சவங்க எல்லாரும் நடந்துதான் வீட்டுக்குப் போனாங்களா?”

  இறக்கத்தில் தங்களைத் தவிர வேறு யாரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து சற்குணம் பார்த்ததில்லை. எல்லோரும் மணியடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டித்தான் போனார்கள்.

“அவங்களோட ஆர்.டி. எல்லாம் உசத்தியா?”

“நான்தான் மாட்டினேன். அத்தனையும் நடுத்தரம்.”

“புரியலையே மேஸ்திரி.”

“டீ குடிங்க.”

டீ வந்தது. சற்குணம் அதையும் சந்தேகத்தோடு பார்த்தார். இதிலும் ஏதாவது அர்த்தம் இருக்குமோ? குடித்துப் பார்த்தார். இஞ்சி டீ. சர்க்கரை சற்றுத் தூக்கல்.

சரி, சும்மா வரவில்லை என்று காட்ட வேண்டாமா? மடித்து வைத்திருந்த பெரிய தாளை விரித்தார். சந்தையில் கிடைக்கிற பதினான்கு ஆர்.டி.க்கள். எந்த உலோகம், எவ்வளவு எடை, கேஜ் எத்தனை மில்லிமீட்டர், ஸ்பிரிங் எப்படி என்று கட்டம் கட்டி எழுதியிருந்தார். கடைசிக் கட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மார்க்கும் போட்டிருந்தார். இரண்டு ஃபெயில்.

செசிலி கேலி செய்யவில்லை. முழுவதையும் பொறுமையாகப் படித்தார்.

“நல்லாப் போட்டிருக்கீங்க. நாலாவது மட்டும் இப்ப வர்றதில்ல.”

“நன்றி.”

“உங்க வீட்டம்மாவோட ஆர்.டி. இதுல எங்க இருக்கு?”

“அவளோடதா?” சற்குணம் சிரித்தார். “சைக்கிள் வாங்கும்போது கூடவே வந்தது. அதெல்லாம் லிஸ்ட்லயே வராது மேஸ்திரி.”

“எத்தனை வருஷமாச்சு?”

“ஆறு.”

“எத்தனை உடைஞ்சுது?”

“ஒண்ணுகூட இல்ல.”

“அதே இறக்கம்தானே?”

“அதேதான். எனக்கு முன்னாடியே இறங்கிடுவா.”

“அதே கல்லு?”

“அதே கல்லுதான்.”

“ஏன் சார் உடையல?”

சற்குணம் யோசித்தார். கீழேயிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே ஏறி, வளைவைச் சுற்றி, மேலே போய் மறைகிற வரைக்கும் யோசித்தார்.

“அதிர்ஷ்டம்” என்றார் கடைசியில்.

செசிலிக்கு அடக்க முடியவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மாட்டியிருந்த சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார்.

சற்குணத்துக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாகக் கரும்பலகை முன்னால் நிற்கிறவர். இப்படி ஒருத்தரும் அவர் முகத்துக்கு நேரே சிரித்ததில்லை. தாளை மடித்தார். எழுந்தார்.

“மன்னிச்சுக்குங்க சார்” என்று கண்ணைத் துடைத்தார் செசிலி. “சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு வாங்க. சைக்கிளை எடுத்துக்கிட்டு வாங்க.”

•

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சற்குணம் போர்டிகோவில் மனைவியின் சைக்கிள் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

ஆறு வருஷத்து ஆர்.டி. வெள்ளிப் பூச்சு போய், பக்கமெல்லாம் சிராய்ப்பு. விரலால் தொட்டுப் பார்த்தார். அடி வாங்கிய தடம் அவருடையதைவிட அதிகம். ஆனாலும் உயிரோடு இருந்தது.

“என்ன பண்றீங்க?” வளர்மதி வாசலில் நின்றார்.

“சும்மா.”

“கடையில என்ன சொன்னாங்க?”

“சொல்லிட்டு இருக்காங்க.”

“நாளன்னிக்கு ஞாயித்துக்கிழமை.”

“தெரியும்.”

 சற்குணத்துக்கு அவரிடம் ஏதோ கேட்க வேண்டும் போல இருந்தது. என்ன கேட்பதென்று தெரியவில்லை. வீட்டில் கேள்வி கேட்டுப் பழக்கமே இல்லை அவருக்கு. பதில் சொல்லித்தான் பழக்கம்.

வளர்மதி உள்ளே போய்விட்டார்.

•

சனிக்கிழமை பத்து மணிக்கு செசிலி சற்குணத்தின் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டினார். அலன் கீயால் ஒரு திருகைக் கழற்றினார். அன்று விரல் வைத்த அந்தச் சின்னத் துண்டு அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

“இது என்னங்க சார்?”

சற்குணத்தின் முகம் பிரகாசமானது. இவ்வளவு நாளில் தனக்குத் தெரிந்த கேள்வி ஒன்று வந்துவிட்டது.

“ஹேங்கர். ஆர்.டி.யைச் சட்டத்தோட சேர்க்கறது. முதல்ல வந்தது அலுமினியம். வெறும் தகரம் மாதிரி. ஒரே இடியில வளைஞ்சு போச்சு. என்ன அக்கிரமம்! நானே எங்க ஒர்க்‌ஷாப்ல எஃகுல கடைஞ்சேன். சூடு காட்டிக் கெட்டிப்படுத்தினேன். லாரி ஏறினாலும் வளையாது.”

“எப்போ செஞ்சீங்க?”

“ரெண்டரை வருஷம் இருக்கும்.”

“அதுக்கு முன்னாடி எத்தனை ஆர்.டி. உடைஞ்சுது?”

“அதுக்கு முன்னாடி...” என்று ஆரம்பித்த சற்குணம் நிறுத்தினார்.

செசிலி அந்தத் துண்டை அவரிடம் கொடுத்தார். “வளைங்க பார்க்கலாம்.”

பெஞ்சில் வைஸ் இருந்தது. சற்குணம் துண்டை அதில் இறுக்கி, குறடு போட்டு இழுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். வைஸ் பூட்டியிருந்த பெஞ்சுதான் அசைந்தது.

செசிலி ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து அவர் முன்னால் கவிழ்த்தார். சலசலவென்று ஹேங்கர்கள் விழுந்தன. எல்லாம் அலுமினியம். எல்லாம் ஒரே மாதிரி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் வளைந்திருந்தது.

“பதினொண்ணு” என்றார் செசிலி.

“எல்லாம் ஒரே சைக்கிளா?”

“ஒரே சைக்கிள்தான்.”

“ஆர்.டி. எத்தனை உடைஞ்சுது?”

“ஒண்ணும் இல்ல. இதை மாத்தினா வேலை முடிஞ்சுது. பத்து நிமிஷம்.”

சற்குணம் ஒன்றை எடுத்தார். இன்னொரு கையில் தன்னுடைய எஃகுத் துண்டு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கல் இடிக்கிறது. அந்த வேகம் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். மெத்தென்ற துண்டு வளைந்து அதை வாங்கிக்கொள்கிறது. வளையாத துண்டு வாங்கிக்கொள்ளாது, பக்கத்தில் இருக்கிறதிடம் அப்படியே தள்ளிவிடும்.

இரண்டாம் வருஷ மாணவர்களுக்கு இதே கேள்வியை அவர் பரீட்சையில் கேட்டிருக்கிறார். ஐந்து மார்க்.

வெட்கமாக இருந்தது. எதையாவது சொல்லி நிமிர வேண்டும் போலவும் இருந்தது.

“அதுக்காக பதினொண்ணா? யாரு இவ்வளவு மோசமா ஓட்டறது?”

வாசலில் சைக்கிள் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

“செசிலி, மறுபடியும் வளைஞ்சிடுச்சு. இதோட பன்னெண்டு!”

குரல் முதலில் வந்தது. பின்னாலேயே ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வளர்மதி வந்தார். கணவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“வாங்கக்கா” என்றார் செசிலி. வளர்மதியின் சைக்கிளை வாங்கி உள்ளே தள்ளிக்கொண்டு போய் வேலையைத் தொடங்கிவிட்டார்.

சற்குணம் கையிலிருந்த வளைந்த துண்டைப் பார்த்தார்.

“இதெல்லாம் உன்னோடதா?”

“ஆமா.”

“இது வளையத்தான் இருக்குன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்போலேர்ந்து?”

“நீங்க அந்த இரும்பைக் கடைஞ்சு வீட்டுக்கு எடுத்துட்டு வந்த அன்னிலேர்ந்து.”

“எஃகு” என்றார் சற்குணம் பழக்கத்தில்.

வளர்மதி ஹெல்மெட்டைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தார்.

“ரெண்டு தடவை ஏழு ஏழு கிலோமீட்டர் கூடவே நடந்தியே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னேங்க.”

“எப்போ?”

“அன்னிக்கே. ஹால்ல வச்சு.”

சற்குணம் நினைவைத் துழாவினார். ஹால் நினைவு வந்தது. கையில் புதுசாகப் பளபளத்த துண்டு நினைவு வந்தது. வளர்மதி ஏதாவது சொன்னதாக நினைவே இல்லை.

“நான் என்ன சொன்னேன்?”

“நம்ம பாப்பா எழுதற போர்டை எடுத்து அதுல படம் வரைஞ்சு காட்டினீங்க. முக்கால் மணி நேரம்.”

“அதுக்கப்புறம்?”

“போன வருஷம் நடந்து வரும்போது மறுபடியும் சொன்னேன். கல்லு சரியில்லன்னீங்க.”

வளர்மதியின் குரலில் கோபம் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னார். சற்குணத்துக்கு அதுதான் தாங்கவில்லை. 

வளர்மதி முதுகுப் பையைத் திறந்து நான்காக மடித்த ஃபாரத்தை எடுத்தார். அதில் சற்குணத்தின் கையெழுத்து இருந்தது. பக்கத்துக் கோடு காலியாக இருந்தது.

“நாளைக்குக் கடைசி நாள். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. இந்த வருஷம் உடையுமா, உடையாதா?”

சற்குணம் செசிலியைப் பார்த்தார். அவர் திரும்பவில்லை. பழைய ஹேங்கரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

உடையாது என்று சொல்லிவிடலாம். புது ஆர்.டி. போடலாம். குட்டைக் கேஜ். மெத்தென்ற ஹேங்கர். ஏன் உடையாது என்பதற்குக் காரணங்கள் வரிசையாக வந்து நின்றன, சூத்திரத்தோடு. வாயைத் திறந்தார். கரடிப்பாறை இறக்கம் கண்முன்னால் வந்தது. மூன்றாவது கல் வந்தது. எந்தக் காரணமும் வாயிலிருந்து வெளியே வரவில்லை.

“தெரியல” என்றார்.

வளர்மதி நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன தெரியல?”

“எதுவுமே தெரியல, வளரு. உடைஞ்சாலும் உடையும்.” கையிலிருந்த இரண்டு துண்டையும் எங்கே வைப்பதென்றுகூட அவருக்குத் தெரியவில்லை. “நீ என்ன நினைக்கறே?”

உள்ளே அலன் கீயின் சத்தம் நின்றது.

வளர்மதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெஞ்சில் கிடந்த ஹேங்கர்களைக் கையால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் ஃபாரத்தை விரித்தார்.

“செசிலி, பேனா இருக்கா?”